வாரிசுகளும் வழக்கறிஞரும்

வாசிப்புப் பகுதி

ஒருவர் இறந்த பிறகு அவருடைய சொத்து தானாகவே குடும்பத்தாரின் கைக்கு வந்துவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. மரணச் செய்தி வங்கிக்கு எட்டியதும் இறந்தவரின் கணக்கு முடக்கப்படும். வீட்டின் பட்டாவில் அவருடைய பெயரே நீடிக்கும். அந்த வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ குடும்பத்தாரால் இயலாது. சட்டப்படி அதிகாரம் பெற்ற நிர்வாகி ஒருவர், இறந்தவரின் சொத்துகளைத் திரட்டி, கடன்களை அடைத்து, எஞ்சியதை வாரிசுகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும்.

ஜொகூர் மாநிலம், ஸ்கூடாயில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். தந்தை உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவருடைய மனைவி, மகன், மகள், வயதான தாய் ஆகிய நால்வர் இருக்கின்றனர். கடன்களும் ஈமச்சடங்குச் செலவும் போக எஞ்சிய சொத்தின் மதிப்பு 240,000 ரிங்கிட். “எல்லாம் அம்மாவுக்குத்தானே?” என்கிறாள் மகள். “ஆண்பிள்ளைக்குத்தான் உரிமை,” என்கிறார் உறவினர் ஒருவர். இவ்விரண்டு கருத்துகளும் தவறானவை.

தீபகற்ப மலேசியாவில், உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் பங்கிடுகிறது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகிய மூன்று தரப்பினரும் இருந்தால், மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு கிடைக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கில் வேறுபாடு இல்லை. ஆகவே, இக்குடும்பத்தில் நால்வருக்கும் தலா 60,000 ரிங்கிட் உரியது. மறந்துபோகக்கூடிய பாட்டிக்கும் சம பங்கு உண்டு. முஸ்லிம்களின் சொத்து ஃபராயிட் முறைப்படி பங்கிடப்படும்.

அடுத்து, எங்கு விண்ணப்பிப்பது என்னும் கேள்வி எழுகிறது. உயில் இருந்தால், அதில் பெயர் குறிக்கப்பட்ட நிறைவேற்றுநர் உயர்நீதிமன்றத்தை நாட வேண்டும். உயில் இல்லாமல், வீடோ நிலமோ இருந்தால், நில அலுவலகத்தின் சிறு மரபுரிமைச் சொத்துப் பகிர்வுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். இதற்கான மதிப்பு வரம்பு 2024ஆம் ஆண்டில் 20 இலட்சத்திலிருந்து 50 இலட்சம் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அங்கு அதிகாரி வாரிசுகளை அழைத்து விசாரித்து, பகிர்வு ஆணை வழங்குவார். இதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஸ்கூடாய்க் குடும்பம் இவ்வழியில் செல்லலாம். ஊழியர் சேமநிதியில் மனைவி வாரிசாக நியமிக்கப்பட்டிருந்தால், அவர் நேரடியாகவே அப்பணத்தைக் கோரலாம்.

அப்படியானால் வழக்கறிஞரின் உதவி எப்போது தேவைப்படும்? உயிலைப் பற்றி ஐயம் எழும்போதும், சொத்தின் மதிப்பு வரம்பை மீறும்போதும், வாரிசுகளுக்குள் பிணக்கு ஏற்படும்போதும் அவருடைய துணை அவசியமாகிறது. ஜொகூரில் இன்னொரு காரணமும் உண்டு. அன்றாடம் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்வோர் இங்கு ஏராளம். இறந்தவருக்கு அங்கு வங்கிக் கணக்கு இருந்தால், நம் உயர்நீதிமன்றம் வழங்கிய ஆணைக்குச் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் மறுமுத்திரை பெற வேண்டிவரலாம். இத்தகைய பணிக்கு அனுபவம் மிக்க வழக்கறிஞர் தேவை.

வழக்கறிஞரை அமர்த்தும்போது சில செய்திகளைக் கேட்டுத் தெளிவது நன்று. முதலில், அவர் செல்லத்தக்க தொழில் சான்றிதழ் வைத்துள்ளாரா என்பதை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் பெயர்ப் பட்டியலில் சரிபார்க்கலாம். அடுத்து, கட்டணம் எவ்வளவு, நீதிமன்றச் செலவுகள் அதில் அடங்குமா என்பனவற்றை எழுத்து வடிவில் பெற வேண்டும். பணம் செலுத்தும்போதெல்லாம் இரசீது கேட்க வேண்டும். வசதி குறைந்தோர் சட்ட உதவித் துறையை அணுகித் தங்களுக்கு உதவி கிடைக்குமா என விசாரிக்கலாம்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நிர்வாகி அமர்த்திய வழக்கறிஞர் நிர்வாகிக்காகச் செயல்படுபவர். எல்லா வாரிசுகளுக்காகவும் அவர் பேசுவார் என்று எண்ணக்கூடாது. ஸ்கூடாய்ப் பாட்டியின் முன் ஒரு தாளை நீட்டி, “கையெழுத்துப் போடுங்க பாட்டி, வழக்கமான பாரம்தான்,” என்று யாரேனும் கூறலாம். அது அவர் தம் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரமாகவும் இருக்கலாம். மனமுவந்து விட்டுக்கொடுப்பது அவருடைய உரிமை. ஆனால், அதில் எழுதியிருப்பதைப் புரியும் மொழியில் படித்துச் சொன்ன பிறகே அவர் கையொப்பமிட வேண்டும். வீட்டில் மலாயும் ஆங்கிலமும் அறிந்த மாணவர்கள் இங்குப் பேருதவி செய்யலாம்.

‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்பது பழமொழி. கணக்கைத் தெளிவாக வைத்துக்கொள்வது உறவைச் சந்தேகிப்பதாகாது. அதுவே உறவைக் காக்கும். வழக்கறிஞர் விண்ணப்பத்தை வரைவார், நீதிமன்றத்தில் வாதாடுவார். யார் யாருக்கு எது உரியது என்பதை அறிந்து நேர்மையாக நடந்துகொள்வது குடும்பத்தாரின் பொறுப்பாகும்.

சிந்தித்து விடையளிக

1. பகிர்வுச் சட்டத்தின்படி பாட்டிக்குக் கிடைக்கும் பங்கு எவ்வளவு?
2. ஸ்கூடாய்க் குடும்பம் நில அலுவலகத்தில் விண்ணப்பிக்க முடிவதற்கான காரணங்கள் யாவை?
3. சிங்கப்பூரில் வேலை செய்து இறந்தவரின் குடும்பத்திற்கு வழக்கறிஞரின் உதவி ஏன் தேவைப்படலாம்?
4. பாட்டியின் பேரப்பிள்ளையாக நீ இருந்தால், அந்தத் தாளைக் கண்டதும் என்ன செய்வாய்? காரணத்துடன் எழுதுக.