சாரல் நாட்டில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் முறை

பழைய மோட்டார் சைக்கிளின் விலையை அது ஓடிய கிலோமீட்டரைக் கொண்டு மதிப்பிடும் வழக்கம் எங்கும் உண்டு என்றாலும், தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் அந்தக் கணக்கு பாதி தூரம்தான் துணைவரும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில், நாள்தோறும் ஓடும் வண்டியின் ஈரத்தை எஞ்சினின் சூடே பெரும்பாலும் உலர்த்திவிட, கொட்டகையில் நின்ற வண்டியில் அது பெட்ரோல் டேங்கின் உட்புறத்திலும் சைலன்சரின் அடியிலும் ஒயரிங் இணைப்புகளிலும் தங்கித் துருவாகிறது. எனவே, அதிகம் ஓடாத வண்டி என்று விற்பவர் சொல்வதை நற்சான்றாகக் கொள்ளாமல், அது எத்தனை மழைக்காலம், எந்தக் கூரையின்கீழ் நின்றது என்று மேலும் விசாரிப்பதற்கான தொடக்கமாகக் கொள்வதே பொருத்தம்.

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே அதன் ஆவணங்களைப் பார்த்துவிடுவது முதற்படி ஆகும். ஏனெனில் வண்டி மனத்துக்குப் பிடித்துவிட்ட பிறகு ஆவணக் குறைகளைச் சிறியனவாகக் கருதத் தோன்றும். பதிவுச் சான்றாகிய ஆர்.சி.யில் உரிமையாளர் பெயர், அவர் எத்தனையாவது உரிமையாளர், பதிவு எந்த நாள்வரை செல்லும், வண்டியின் மீது கடன் உள்ளதா ஆகிய நான்கையும் படித்து, அவற்றை மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலி காட்டும் விவரங்களோடு ஒப்பிட வேண்டும். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதாலும், அதன்பின் ஆய்வுக்குக் காட்டிக் கட்டணமும் பசுமை வரியும் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும் என்பதாலும், பதினான்கு வயது வண்டியை மலிவு என்று வாங்குபவர் அடுத்த ஆண்டின் செலவையும் சேர்த்தே வாங்குகிறார். கடன் நிலுவையில் இருக்கும்வரை ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் ஹைப்போதிகேஷன், அதாவது அடமானப் பதிவு, என்ற குறிப்போடு நிற்கும். தவணை முழுவதும் கட்டியாகிவிட்டது என்ற வாய்ச்சொல் இதை நீக்காது என்பதால், நிறுவனம் கையொப்பமிட்ட படிவம் 35-ஐயும் கடன் தீர்ந்ததற்கான கடிதத்தையும் விற்பவரே பெற்று, அடமானப் பதிவை நீக்கித் தரும்படி கேட்பது நல்லது. போக்குவரத்து அபராத நிலுவையை இ-சலான் தளத்திலும், வண்டி திருட்டு வழக்கில் தேடப்படுகிறதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையிலும் பார்த்துவிடலாம்.

இவ்வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று எல்லையிலிருந்து வருகிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பகுதியைச் சேர்ந்திருந்ததால் உறவும் வணிகமும் இன்றும் கணவாயின் இருபுறமும் நீள்கின்றன. கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744 வழியே, புனலூரின் கே.எல்.-25 போன்ற கேரளப் பதிவெண் கொண்ட வண்டிகளும் தென்காசிச் சந்தைக்கு வந்து சேர்கின்றன. அத்தகைய வண்டியை விலை குறைவு என்பதற்காக வாங்குபவர், பதிவு செய்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்றை, அதாவது படிவம் 28-இல் கோரப்படும் என்.ஓ.சி.யை, பெற்றாக வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். தமிழ்நாட்டுக்கான வாழ்நாள் வரியை வண்டியின் வயதுக்கேற்பச் செலுத்த வேண்டும். இவற்றுக்கான பணத்தையும் அலைச்சலையும் கூட்டினால், தென்காசியின் டி.என்.-76 அல்லது சங்கரன்கோவிலின் டி.என்.-79 எண் கொண்ட வண்டியே பெரும்பாலும் ஆதாயமாக இருக்கும். விற்பவரே என்.ஓ.சி.யை எடுத்துக் கையில் வைத்திருந்தாலன்றி, பிற மாநில வண்டிக்கு முன்பணம் கொடுக்காமல் இருப்பதே அறிவுடைமை.

விற்பவர் யார் என்பதும் ஆவணத்தின் ஒரு பகுதியே. ஆர்.சி.யில் உள்ளவரே நேரில் வந்து ஆதாரைக் காட்டினால் வேலை எளிது. உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31-இன்படி முதலில் வாரிசின் பெயருக்கு மாற்றிய பிறகே விற்பனை முறையாகும். மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வண்டிகளை மாவட்டக் காவல்துறை ஏலம் விடும்போது எடுத்தால், பெயர் மாற்றம் படிவம் 32-இன் வழியே நடக்கும். ஆனால் அவ்வண்டிகள் வெயிலிலும் மழையிலும் நெடுநாள் நின்றவை என்பதால், மேலே சொன்ன துருக்கணக்கை இரட்டிப்பாகப் போட வேண்டும். பழைய வண்டி வணிகர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளதால், கடையில் வாங்குபவர் அச்சான்றைக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.

அடுத்த படி வண்டியை நேரில் பார்ப்பது. பகல் வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்; வாங்குபவர் வருமுன்பே சூடேற்றி வைத்த எஞ்சின், காலையில் கிளம்ப மறுக்கும் குறையை மறைத்துவிடும். சேசிஸ் எண் வழக்கமாக ஹேண்டிலின் கழுத்துப் பகுதியிலும், எஞ்சின் எண் எஞ்சினின் அடிப்பக்க உறையிலும் பொறிக்கப்பட்டிருக்கும். துணியால் துடைத்து ஒவ்வோர் எழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிடும்போது, சுரண்டிய தடமோ மேலே அடித்த பெயின்டோ தெரிந்தால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம்.

துருவைத் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. டேங்க் மூடியைத் திறந்து கைவிளக்கை வெளியே பிடித்துப் பார்த்தால் உட்சுவரின் செம்பழுப்புப் படலம் தெரியும். தீப்பெட்டியையோ லைட்டரையோ அருகில் கொண்டுசெல்லலாகாது. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது என்பதால், சாரல் காலத்தில் அரை டேங்க் பெட்ரோலோடு நின்ற வண்டியில் நீர் பிரிந்து அடியில் தங்கி, துருவைக் கார்புரேட்டருக்கோ இன்ஜெக்டருக்கோ அனுப்பிவிடும். பி.எஸ்.-6 மாசு விதி 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானதால், அதன்பின் வந்த மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைச் சென்சார் வழி அளந்து செலுத்தும் இன்ஜெக்‌ஷன் முறையே பெரும்பாலும் உள்ளது. இதில் அழுக்கு புகுந்தால் பழுது பார்க்கும் செலவு கூடுதல், பாட்டரி தளர்ந்தால் வண்டி கிளம்புவதே ஐயம். சைலன்சரின் அடிப்புறம், மட்கார்டின் உள்விளிம்பு, ஸ்டாண்டு பொருத்தப்பட்ட இடம், ஸ்போக் வீலாக இருந்தால் கம்பிகளின் வேர் ஆகியவற்றை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் புள்ளித்துரு இருந்தால், அது எண்ணெய் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். சீலை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் மீண்டும் ஒழுகும். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டி, இந்த ஊரில், கூடுதல் ஐயத்துக்கு உரியது.

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கும் புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்கும் மூட்டை ஏற்றிச் சென்ற வண்டிகளை அவற்றின் பின்புறமே காட்டிக்கொடுக்கும்: பின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, கேரியர் பொருத்திய இடத்தில் வெல்டிங், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் தெரியும் சுவிங் ஆர்ம் புஷ்ஷின் ஆட்டம். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரிப்பு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-இன் இருபத்து மூன்றாம் வாரம். பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிப்போன டயர், நனைந்த மலைச்சாலையில் வழுக்கும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் இன்ஷூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்று உறுதிசெய்து, தலைக்கவசம் அணிந்து, முதலில் தென்காசி காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளின் நெரிசலில் மெதுவாக ஓட்டினால் கிளட்ச்சும் கியரும் தம் நிலையைச் சொல்லிவிடும். பின்னர் புளியரையின் எஸ் வளைவு வரை ஏறிப் பார்க்கலாம். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் உயர்ந்தும் வேகம் உயரவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது; இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு மீண்டும் திருகும்போது நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, அது வால்வு சீலிலோ பிஸ்டன் ரிங்கிலோ கைவைக்க வேண்டிய வேலை. குளிர்காலையில் சைலன்சர் சிறிது நேரம் விடும் வெண்ணிற ஆவி குற்றமன்று. அச்சாலையில் கேரளத்துக்குக் கனிமம் ஏற்றிச் செல்லும் லாரிகள் மிகுதி என்பதால் பிரேக்கைச் சோதிக்கும் இடம் அது அன்று. போக்குவரத்தில்லாத நேரான சாலையில், முடிந்தால் தரை நனைந்திருக்கும்போது, சோதிக்க வேண்டும். 125 சிசி-க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். சாவியைத் திருப்பியதும் எரியும் அதன் விளக்கு, ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். விளக்கே எரியாவிட்டால் யாரோ கழற்றியிருக்கலாம்.

விலை பேசும்போது டயர், செயின் செட், பாட்டரி ஆகியவற்றின் மாற்றுச் செலவைப் பட்டறையில் கேட்டு எழுதிவைத்துக் கழிப்பது, மொத்தமாகக் குறைத்துக் கேட்பதைவிடப் பயன் தரும். பணத்தை வங்கி வழியே அனுப்பி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதில் தேதியோடு வண்டியை ஒப்படைத்த நேரத்தையும் எழுத வேண்டும்; அன்று காலை நிகழ்ந்த விபத்துக்கோ அபராதத்துக்கோ மாலையில் வாங்கியவர் பொறுப்பில்லை என்று காட்ட அதுவே சான்று.

பெயர் மாற்றத்துக்கு விற்பவர் படிவம் 29-ஐ 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் படிவம் 30-ஐ 30 நாட்களுக்குள்ளும் அளிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு தரும் காலவரம்பு. கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டி கைமாறிக்கொண்டே போகும் வழக்கம் இரு தரப்புக்கும் கேடு. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், வண்டி பலர் கை மாறியிருந்தும், பதிவேட்டில் பெயருள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. ஆகவே விற்பவருக்கும் இதை எடுத்துச் சொன்னால், வட்டாரப் போக்குவரத்து அலுவலக வேலைக்கு அவர் தாமாகவே உடன் வருவார்.

இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு தானே வந்துவிட்டாலும், வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பு மாறும்வரை வாங்கியவருக்கு உதவாது, முந்தையவர் ஈட்டிய நோ கிளெய்ம் போனஸும் அவரோடே போய்விடும். புதிய ஆர்.சி. வந்ததும் பெயரின் எழுத்துகளையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் உள்ள பொறிப்போடு மீண்டும் ஒருமுறை ஒப்பிட்டு, பிழை இருந்தால் விற்றவரின் தொலைபேசி எண் இன்னும் மாறாதிருக்கும் அந்த வாரத்திலேயே திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.