மகள் வீட்டில் மூன்று மாதம்: இன்சுலின் போடுவோர் கவனத்திற்கு

மகளின் பிரசவத்திற்குத் துணையாகப் பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சென்று சில மாதங்கள் தங்கும் பெற்றோர் உண்டு. பெட்டி நிறையப் பொடி வகைகள் போகும். இன்சுலின் மட்டும் ஒரு மாதத்திற்குத்தான். "தீர்ந்தால் அங்கேயே வாங்கிக்கொள்கிறோம், டாக்டர்" என்பார்கள். எனக்கு அச்சம் தருவது அச்சொல்தான்.

நம் ஊரில் பலர் பயன்படுத்தும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளது. அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. அந்நாடுகளில் விற்கும் குப்பியிலோ 100 யூனிட். அதிலிருந்து நம் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடலில் ஏறுவது 50 யூனிட். வியர்வை, நடுக்கம், பிறகு மயக்கம். மடியில் பேரக்குழந்தை இருக்கும் வேளையாகவும் அது அமையலாம். 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சே உரியது. (பேனாவில் போடுவோர்க்கு இக்குழப்பம் பெரும்பாலும் இல்லை.)

தங்கும் காலத்திற்கு வேண்டிய இன்சுலினை மருந்துச்சீட்டுடன் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துவிட்டால் அது பயன்படாது. டிராமடால், கோடீன் கலந்த மருந்துகளுக்கு அங்கே முன் அனுமதி தேவைப்படலாம், விசாரித்துக்கொள்ளுங்கள்.

பயணச்சீட்டு எடுத்த வாரமே, குப்பியும் சிரிஞ்சுமாக ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள்.