மாதம் ஒரு போக்கர் மாலை: காசில்லாமல் கணக்காக நடத்துவது எப்படி?

வேலையில் பத்து வருடம் ஓடிவிட்டால் செல்பேசியில் நூற்றுக்கணக்கான எண்கள் சேர்ந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட நாலு பேர் தேறுவதுதான் கஷ்டம். கல்யாணம், காதுகுத்து, யாராவது வேலை மாறினால் விருந்து என்றுதான் நண்பர்களைப் பார்க்கிறோம். மாதம் ஒருமுறை எட்டுப் பேர் ஒரே மேசையில் உட்கார ஒரு நல்ல காரணம் வேண்டும். போக்கர் அப்படி ஒரு காரணம். விதிகளை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு நடுவே பேச்சும் ஓடும்.

ஆரம்ப உற்சாகம் எல்லா வீட்டிலும் இருக்கும். ஆறாவது மாதமும் ஆட்டம் நடக்குமா என்பது நடத்துபவர் கையில் இருக்கிறது. நேரம், விதி, நியாயம் மூன்றையும் அவர் காப்பாற்றினால் ஆட்டம் நிலைக்கும். அந்தப் பழக்கம் அலுவலகத்தில் கூட்டம் நடத்தும்போதும் கைகொடுக்கும்.

முதல் விதி: பணம் கூடாது

“ஐம்பது ரூபாய்தானே” என்று தொடங்குவது மூன்றாம் மாதம் ஐந்நூறு ஆகும். ஒரே மேசையில் இருப்பவர்களுக்கு ஒரே சம்பளம் இல்லை. ஒருவருக்கு டீச் செலவாகத் தெரிவது இன்னொருவருக்கு வீட்டுக் கடன் தவணையில் துண்டு விழ வைக்கும். ஆன்லைன் ரம்மியில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்களின் குடும்பங்களைத் தமிழ்நாடு நிறையப் பார்த்துவிட்டது. அந்தப் பாதையின் முதல் படி நம் வீட்டில் இருக்கக் கூடாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. வீட்டில் ஆட்டம் வைத்து மேசையிலிருந்து பங்கு எடுத்தாலோ, 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் குறுக்கே வரும். காசே வேண்டாம் என்று முடிவெடுத்தால் மனமும் லேசாகும்.

காசில்லாவிட்டால் அக்கறையோடு ஆடுவார்களா? ஆடுவார்கள், போட்டியாக நடத்தினால். எல்லோருக்கும் சமமான சிப்ஸ் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்), தீர்ந்தால் வெளியே. கடைசிவரை நின்றவருக்கு 8 புள்ளி, அடுத்தவருக்கு 7 என்று மாதாமாதம் குறித்து வையுங்கள். வருடக் கடைசியில் ஒரு கோப்பை போதும். பட்டியலில் பெயர் மேலே ஏற ஒவ்வொருவரும் எவ்வளவு யோசித்து ஆடுகிறார்கள் என்று பாருங்கள்.

யாரைக் கூப்பிடுவது?

ஆறிலிருந்து எட்டுப் பேர் சரியான அளவு. பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சொல்லி வைத்தால்தான் எட்டு தேறும். பழைய அலுவலக நண்பர், வேறு பிரிவில் இருப்பவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று கலந்து கூப்பிடுங்கள்.

உங்களிடம் வேலை செய்பவர்களைக் கூப்பிடுவதில் கவனம் தேவை. ஐந்து பேர் உள்ள குழுவில் இரண்டு பேரை மட்டும் அழைத்தால், மீதி மூவருக்கு அது திங்கட்கிழமை தெரிந்துவிடும். சம்பள உயர்வை நீங்கள் தீர்மானிக்கும் ஒருவர், உங்கள் ஆட்டத்தை எதிர்த்து முழு மனதோடு ஆட மாட்டார். அழைத்தால் எல்லோரையும் அழையுங்கள். இல்லையேல் அந்த வட்டத்தைத் தொடாதீர்கள். பெண் தோழிகளும் தயக்கமின்றி வரும்படி நேரத்தையும் சூழலையும் அமையுங்கள். மது வேண்டாம். வீட்டில் இருப்பவர்களின் சம்மதம் முதலில்; பிள்ளைகளுக்குப் பரீட்சை மாதமென்றால் ஆட்டத்துக்கு விடுமுறை.

மேசையும் சாமானும்

வெவ்வேறு நிற முதுகுள்ள இரண்டு பிளாஸ்டிக் சீட்டுக்கட்டுகள் வாங்குங்கள். ஒன்றில் ஆட்டம் நடக்கும்போது இன்னொன்றை ஒருவர் கலைத்து வைக்கலாம், நேரம் மிச்சம். சும்மா இரண்டு தடவை கலைத்தால் போதாது. கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் சரித்துவிடும் முறையில் சுமார் ஏழு தடவை கலைத்தால்தான் 52 சீட்டும் நன்றாகக் கலையும் என்று கணிதவியலாளர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிசும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

சாப்பாட்டு மேசையில் ஒரு தடித்த போர்வையை இழுத்து விரியுங்கள். சீட்டு வழுக்காது, எடுக்கவும் சுலபம். பஜ்ஜியும் மிக்சரும் சீட்டுக்குப் பகை. சுண்டலைக் கிண்ணத்தில் கரண்டியோடு கொடுங்கள். காபி டம்ளர்களுக்குத் தனி ஸ்டூல் போடுங்கள்.

மூன்று மணி நேரத்தில் முடிக்கும் கணக்கு

ஆட வேண்டியது டெக்சாஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் கவிழ்த்த சீட்டு இரண்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு வெற்றி. எந்தச் சேர்க்கை எதை வெல்லும் என்ற பட்டியலை அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள்.

ஒருவருக்கு 3,000 புள்ளிக்கான சிப்ஸ்: 25 மதிப்பில் 8, 100 மதிப்பில் 8, 500 மதிப்பில் 4. எட்டுப் பேருக்கு 160 சிப்ஸ் போதும். கட்டாயப் பந்தயமான பிளைண்ட் (சிறியது–பெரியது) 25–50-இல் தொடங்கி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறட்டும்: 50–100, 75–150, 100–200, 150–300, 200–400, 300–600, 400–800, 600–1,200. ஒன்பது கட்டமும் சேர்ந்தால் மூன்று மணி நேரம். மேசையில் உள்ள மொத்தம் 24,000. கடைசிக் கட்டத்தில் அது பெரிய பிளைண்டைப் போல் இருபது மடங்குதான். அதனால் ஆட்டம் பெரும்பாலும் தானாகவே முடிந்துவிடும்.

7.15-க்குத் தொடங்கி, நடுவில் பத்து நிமிட இடைவேளை விட்டால் 10.25. அப்போதும் இருவர் மிஞ்சினால் அதிகச் சிப்ஸ் வைத்திருப்பவர் ஜெயித்தவர். முதலில் வெளியேறுபவரைச் சீட்டுப் போடச் சொல்லுங்கள். அவருக்கும் பொழுது போகும், ஆட்டமும் வேகமெடுக்கும். அடுத்தடுத்து வெளியேறுபவர்களுக்குப் பக்கத்தில் ஒரு ரம்மி.

தகராறுக்கு முன்னால் விதி

ஒருவர் வாய் திறக்காமல் இரண்டு சிப்ஸை முன்னால் வைக்கிறார். எதிரில் இருப்பவரின் முகம் லேசாகச் சுருங்குகிறது. உடனே இன்னும் நாலை எடுத்துச் சேர்க்கிறார். இது செல்லாது, முதலில் வைத்த இரண்டுதான் கணக்கு. உயர்த்த நினைப்பவர் முன்கூட்டியே “ரெய்ஸ்” என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எதிராளியின் முகம் பார்த்துப் பந்தயத்தை மாற்றும் சலுகை கிடைத்துவிடும்.

இதுபோன்ற விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி முதல் நாளே படித்துக் காட்டுங்கள்: தன் முறை வந்தால்தான் பேச வேண்டும், பெரிய சிப்ஸை மறைக்கக் கூடாது, விலகியவர் நடக்கும் கையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, செல்பேசி மேசைமேல் இருக்கக் கூடாது. கூடுதல் சந்தேகங்களுக்கு, 2001-இல் தொடங்கிய போக்கர் போட்டி நடத்துநர்கள் சங்கத்தின் விதிகள் உலகமெங்கும் பயன்படுகின்றன.

சச்சரவு வந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லுங்கள். அன்றைக்கு அதுவே முடிவு. வாதம் ஆட்டம் முடிந்த பிறகு. நீங்களே அந்தக் கையில் ஆடிக்கொண்டிருந்தால், முன்பே பெயர் சொல்லி வைத்த இன்னொருவர் தீர்ப்புச் சொல்லட்டும். தனக்குச் சம்பந்தமுள்ள விஷயத்தில் தானே நீதிபதியாக உட்காராத மேலாளரைத்தான் ஊழியர்கள் நம்புவார்கள்.

வேலைக்கு எடுத்துப்போக ஒரு பாடம்

கையில் இரண்டு ஏஸ். எதிராளியிடம் இரண்டு ராஜா. எல்லாச் சிப்ஸையும் முன்னால் தள்ளுகிறீர்கள். நூற்றுக்குச் சுமார் 82 தடவை வெற்றி உங்களுக்கு. மீதித் தடவைகளில் தோற்பீர்கள். தோற்றாலும் எடுத்த முடிவு சரியானதே. தொழில்முறை போக்கர் ஆட்டக்காரராக இருந்த ஆனி டியூக், 2018-இல் வெளியிட்ட ‘திங்கிங் இன் பெட்ஸ்’ நூலில் வலியுறுத்துவது இதைத்தான்: விளைவை வைத்து முடிவை எடை போடாதீர்கள்.

அலுவலகத்தில் நாம் இதைத்தான் தவறவிடுகிறோம். திட்டம் ஜெயித்தால் எடுத்த முடிவெல்லாம் சரி என்கிறோம். தோற்றால் நேற்றுவரை ஒத்துக்கொண்டவரே குற்றம் சொல்கிறார். “அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது, அதை வைத்து எடுத்த முடிவு நியாயமா?” என்று கேட்கப் பழகியவர் நல்ல தலைவர் ஆவார். மாதாமாதம் இந்தக் கேள்வியைச் சிரிப்போடு பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

இன்றே செய்ய வேண்டியது

ஆட்ட நாளை நிலையாக வையுங்கள். “எல்லோருக்கும் தோதான நாள்” தேடினால் ஒரு நாளும் அமையாது. இரண்டாம் சனிக்கிழமை என்றால் இரண்டாம் சனிக்கிழமைதான். ஐந்து பேர் வந்தாலும் நடத்துங்கள். இந்தச் செய்தியை இப்போதே அனுப்பலாம்: “ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு நம்ம வீட்ல போக்கர். காசு கிடையாது. ஆடத் தெரியாதவங்களும் வரலாம், சொல்லித் தர்றேன். 10.30-க்கு முடிஞ்சிடும். வர்றவங்க வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.” பதில் வந்ததும் கட்டு இரண்டும் சிப்ஸும் வாங்கிவிடுங்கள், முதல் ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும்முன் அடுத்த மாதத் தேதியைச் சொல்லியே அனுப்புங்கள்.