கூவத்தின் கறுப்புச் சேறு

அன்புள்ள கயல்விழி,

நேப்பியர் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நீ கேட்டது மனத்தைவிட்டுப் போகவில்லை: "இந்தச் சேற்றை மொத்தமாக வாரிக் கரையில் போட்டால் கூவம் சரியாகிவிடும்தானே, சார்?" பெரியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. வாரியதை எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் அந்த நாற்றம். நான் படித்த காலத்தில் உப்புப் பகுப்பாய்வுக்குக் கிப் உபகரணம் இருந்தது. இரும்பு சல்ஃபைடின்மேல் அமிலம் பட்டதும் அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். கரைசலுக்குள் அதைச் செலுத்தினால் செம்பும் காரீயமும் கறுப்பாகப் படியும். காட்மியம் மஞ்சளாகப் படியும். வடிதாளில் தங்கிய அந்தச் சாமந்தி நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கூவத்தின் அடியில் நடப்பதும் இதே பரிசோதனைதான். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக்குகின்றன. முகத்துவாரத்தில் கடல்நீர் ஏறுவதால் சல்ஃபேட்டுக்குக் குறைவில்லை. சல்ஃபைடு இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்கும். முலாம் பட்டறைக் கழிவிலும் சாலைத் தூசியிலும் வந்த காட்மியமும் காரீயமும் அந்த இரும்பை விலக்கிவிட்டுச் சல்ஃபைடைப் பற்றிக்கொள்ளும். உன் மூக்கைச் சுளிக்கவைத்த கந்தகம்தான் நஞ்சைக் கட்டிவைத்திருக்கிறது! டொமினிக் டி டோரோவும் உடனிருந்தவர்களும் 1990-இல் காட்மியத்தை வைத்து எழுதிய கட்டுரையைத் தேடிப் படி. சல்ஃபைடு மோல் கணக்கில் உலோகத்தை மிஞ்சியிருக்கும்வரை சேற்றுச் சிற்றுயிர்களுக்கு அது நஞ்சாவதில்லை என்று காட்டினார்கள். நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன்.

ஆகவே, மேல்தண்ணீரை மட்டும் சோதித்து "காரீயம் இல்லை" என்று எழுதும் அறிக்கையை வைத்து ஆற்றை எடைபோடாதே. காரீயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-இல் நின்றது. அதற்குமுன் தெருவில் படிந்து மழையோடு ஓடியது மக்கிப்போகிற பொருளா?

இப்போது சேற்றை வாரிக் கரையில் குவித்ததாக வைத்துக்கொள். காற்றுப் பட்டதும் சல்ஃபைடு மறுபடி சல்ஃபேட்டாகும், அமிலமும் பிறக்கும். கட்டு அவிழ்ந்த உலோகம் அடுத்த மழையில் ஆற்றுக்கே திரும்பும். பாதரசம் இன்னும் மோசம். அதே பாக்டீரியாக்கள் அதை மெதில் பாதரசமாக்கி மீனுக்குள் அனுப்பும். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் கலந்த சேற்றை அப்புறப்படுத்த 1977 முதல் 1990 வரை வேலை பார்த்தார்கள். முதலில் தடுப்புச் சுவர் எழுப்பி, வாரிய சேற்றை அதற்குள் அடைத்து, மேலே நல்ல மண்ணைப் போட்டு மூடினார்கள். அப்படி உருவான நிலம் சுமார் 58 ஹெக்டேர். தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. சேற்றில் எது எதோடு கட்டுண்டிருக்கிறது என்று பார்க்காமல் பொக்லைனை இறக்காதீர்கள் என்கிறேன்.

அடுத்த முறை மாதிரி எடுக்கும்போது குழாயைச் செங்குத்தாக இறக்கு. புட்டியை வாய்வரை நிரப்பி, காற்றுக்கு இடம் விடாமல் மூடி, ஐஸில் வை. போன தடவை நீ கொண்டுவந்த புட்டி பாதி காலியாக இருந்தது. ஆய்வகம் வருவதற்குள் மேல்பகுதி பழுப்பாகிவிட்டது. அதில் சல்ஃபைடை அளந்து பயனில்லை.

அன்புடன்,
உன் ஆசிரியர்