கமராவின் முன் நிற்பவர்

இலங்கை வரலாறு கற்கும் மாணவர் எவரும் கமரன் என்னும் பெயரை அறிவர். கோல்புறூக்குடன் ஆணையாளராக இந்நாட்டுக்கு வந்து, 1833 ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களுக்குக் கால்கோளிட்ட இருவருள் ஒருவர் அவர். அப்பெயரை மனனஞ் செய்யாது வரலாற்றுப் பரீட்சைக்குச் சென்ற பழைய மாணவர் எம்முள் அரியர். ஆயின் அவர்தம் மனைவியார் ஜூலியா மார்கரெட் கமரன் என்பாரைப் பற்றிக் கேட்டவர் அவரினும் அரியர். புகைப்படக்கலையின் முதல் நூற்றாண்டிலே தலைசிறந்தோருள் ஒருவராக உலகம் போற்றும் அவ்வம்மையார், தம் வாழ்நாளின் இறுதியை இலங்கையிற் கழித்து, இலங்கை மண்ணிலேயே அடக்கமாயினர். கமரன் இல்லத்தினுள்ளே கமரா புகுந்த வரலாற்றை இம்மலரில் எழுத முன்வந்தமைக்கு ஒரு காரணம் உண்டு.

இன்று மாணவர் பலரின் கையிலும் கமரா உளது. அதனைத் தொலைபேசி என்று அழைக்கின்றோம். பேசுவதற்கு அது பயன்படுவது குறைவு. சரஸ்வதி பூசையன்றும் பரிசளிப்பு விழாவன்றும் பட்டுடுத்த தோழரையோ தோழியையோ மரநிழலில் நிறுத்தி, "கையை இப்படி வை, முகத்தை அப்படித் திருப்பு" என்று பணித்துப் படம் பிடிக்கும் இளைஞரை ஜெயபுரத்திலும் காணலாம். நவநாகரிக உடையணிந்த மொடல்களைப் பத்திரிகைகளுக்காகப் படம்பிடிக்கும் பெருநகரக் கலைஞரைப் பார்த்தே இவர்கள் இதனைப் பயின்றனர். வீண் விளையாட்டு எனச் சில பெரியோர் இதனைக் கடிவர். நாம் அவ்வாறு கருதவில்லை. தொழிலாகக் கொள்ளாது ஆர்வத்தால் மட்டும் படம்பிடிப்போர்க்கு எதிர்ப்படும் இடர்களுட் கருவியின் இடர் சிறிது. முன்னே நிற்கும் மனிதரால் எழும் இடரே பெரிது. அதனை விளக்குதற்குக் கமரன் அம்மையாரினும் சிறந்த சான்று எமக்குக் கிடைத்திலது.

அம்மையார் 1815 இற் கல்கத்தாவிற் பிறந்தவர். கணவரோ இலங்கையிற் கோப்பித் தோட்டங்களை உடையவராயிருந்தார். இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில் இவர்கள் வாழ்ந்த இல்லத்தின் பெயர் டிம்போலா. அது எம் மலையகத்துத் திம்புளைத் தோட்டத்தின் பெயரே. 1863 டிசம்பரில், கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்கு வந்திருந்த வேளை, தாயின் தனிமையைப் போக்குமாறு மகளும் மருகரும் ஒரு கமராவைப் பரிசாக அளித்தனர். அப்போது அம்மையார்க்கு வயது 48. கருவியை எங்கே வைப்பது என்பதுதானும் அவர் அறியார். நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டைக் கண்ணாடி வீடாக்கினார். கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது என்று அவரே பிற்காலத்தில் வேடிக்கையாக எழுதியுள்ளார்.

அக்காலத்துப் படம்பிடித்தலின் வருத்தத்தை இன்றைய மாணவர் உணர்தல் வேண்டும். கண்ணாடித் தகடொன்றைத் தூசின்றித் துடைத்து, கொலோடியன் என்னும் பசைத் திரவத்தை அதன்மேற் சமனாக வார்த்து, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் கமராவினுள் இட்டுப் படம் பிடித்து, உடனே இருட்டறைக்கு ஓடி உருத்துலக்கிக் கழுவி எடுத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைப்பினும் அனைத்தும் பாழ். தகட்டிலிருந்து முட்டை வெண்கரு பூசிய தாளிற் படத்தை வெயிலிற் பதித்தெடுப்பது அதன்பின் வரும் வேலை. அம்மையாரின் முதல் மொடல் அயலூர்க் கமக்காரர் ஒருவர். மணிக்கு அரைக்கிறவுண் கூலி கொடுத்துப் பல மணிநேரம் அவரை இருத்தி, ஈற்றில் ஒரு படம் தேறியது. தேறிய மகிழ்ச்சியில் அத்தகட்டைக் கையில் ஏந்தியவர், ஈரமான பக்கத்தையே கையால் தேய்த்து அழித்துவிட்டார்! 1864 சனவரியில் ஆனி என்னும் சிறுமியைப் படம்பிடித்து, அதன் கீழ் "என் முதல் வெற்றி" என எழுதிக்கொண்டார்.

அவர்மீது சாற்றப்பட்ட குற்றம் யாதெனின், படங்கள் கூர்மையற்று மங்கலாயிருக்கின்றன என்பதே. புகைப்படச் சங்கத்தார் அதனைப் பலகாலும் இடித்துரைத்தனர். குற்றத்தில் ஒரு பகுதி கருவியினுடையது. அகன்ற வாயுடைய வில்லைக்கு ஆழங் குறைவு. மூக்கு நுனி தெளிந்தாற் காது மங்கும். 1866 முதல் அவர் கையாண்ட தகடு 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையது. அத்துணைப் பெரிய தகட்டுக்கு ஒளி போதவேண்டின், நிற்பவர் நிமிடக் கணக்காக அசையாது நிற்றல் வேண்டும். எந்த மனிதரும் அங்ஙனம் நில்லார். மறுபகுதியோ அம்மையார் தாமே தெரிந்து கொண்டது. வில்லையைத் திருகும்போது கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்திலே நிறுத்தினாரன்றி, எல்லாங் கூர்மையாகும் வரை திருகிச் செல்லவில்லை. அவர் எடுத்த வானியலறிஞர் ஹேர்ஷலின் படத்தைக் (1867) காண்போர் இதனை ஒப்புவர். கலைந்த நரைமுடியும் நீர்த்த விழிகளும் இருளினின்று எழுந்து வருகின்றன. மயிர்க்கால் ஒவ்வொன்றும் தெளிந்திருப்பின் அம்முகம் இத்துணை எம்மை ஆட்கொண்டிராது.

பேரறிஞரைப் படம்பிடித்தலினும் அம்மையார்க்கு விருப்பமானது வேடம் புனைந்த படமே. மேரி ஹில்லியர் என்னும் பணிப்பெண்ணைப் போர்வையால் மூடி இயேசுவின் தாயாக்கினார். அயலார் அப்பெண்ணைத் தேவமாதா மேரி என்றே அழைக்கலாயினர். தபாற்காரரும் படகோட்டிகளும் விருந்தினரும் அவர் கண்ணிற் பட்டால் தப்பார். அயல்வீட்டுக் கவிஞர் தெனிசன் கேட்டுக்கொண்டவாறு 1874 இல் ஆதர் மன்னன் கதைக்குப் படம் எடுத்தபோது, கணவரே நரைத்த தாடியுடன் மந்திரவாதி மெர்லின் ஆயினர். இவ்வேடப் படங்களுட் சில எமக்குச் சிரிப்பூட்டுவன என்பதை மறைத்தற்கில்லை. அட்டைக் கவசமும் திரைச்சீலையும் பள்ளிக்கூட நாடகத்தையே நினைவூட்டும். ஆயினும் துணியின் மடிப்பு, ஒருபுறத்து ஒளி, தாழ்ந்த பார்வை என்பவற்றால் ஒரு பணிப்பெண்ணைக் காவியத் தலைவியாக்கும் வித்தை அங்கே உளது. 1911 இல் எட்வர்ட் ஸ்டைக்கன் பாரிசு நகரத்து உடைகளை மொடல்களுக்கு அணிவித்துப் பத்திரிகைக்குப் படமெடுத்த நாள் தொட்டு வளர்ந்த நவநாகரிகப் படக்கலையும் இதே வித்தையைத்தான் ஆள்கின்றது.

மேரி றையன் என்னும் மொடலின் வரலாறு புதுமையானது. தாயுடன் பிச்சை கேட்டு நின்ற ஐரிசுச் சிறுமியாகிய அவளை அம்மையார் வீட்டுக்கு அழைத்து வளர்த்துப் படிப்பித்தார். 1865 இல் இலண்டனில் வைக்கப்பட்ட காட்சியில் அவள் படத்தைக் கண்ட ஹென்றி கொற்றன் என்னும் இளைஞர், 1867 இல் அவளையே மணந்து இந்தியாவுக்குக் கொண்டுசென்றார். அவரே பிற்காலத்தில் அசாமின் ஆணையாளராகி, 1904 இல் இந்தியத் தேசிய காங்கிரசின் பம்பாய் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சேர் ஹென்றி கொற்றன். படத்தில் நின்றவள் யார், எங்கே வாழ்கிறாள் என்று வினவினால் விடை கிடைக்குமாறு இருந்தமையாலன்றோ இது நிகழ்ந்தது!

1875 இற் கமரன் குடும்பத்தார் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். சவப்பெட்டிகளையும் பசுவையும் உடன்கொண்டு கப்பலேறினர் என்பர். கோப்பி இலைகளை 1869 முதல் நோய் அரித்துக்கொண்டிருந்த காலம் அது, பொருள் சுருங்கிற்று. அம்மையார் இங்கு எடுத்தவற்றுள் எஞ்சியுள்ள படங்கள் முப்பதுக்கும் குறைவே. காலநிலையும் அவர்க்குப் பகையாயிற்று. கொலோடியனில் உள்ள ஈதரும் மதுசாரமும் வெப்பத்தில் விரைந்து ஆவியாகும். தகடு கணத்தில் உலரும். மேலும், அத்தகடு நீல ஒளியையே மிகுதியாய் உணருவது. செம்மையும் மஞ்சளும் அதற்கு இருள். ஆதலின் எம்மவரின் மாநிற மேனி கண்ணுக்குத் தோன்றுவதிலும் கருமையாகவே அதிற் பதிந்தது.

1877 இற் களுத்துறையிலே அம்மையாரைக் காணவந்த ஓவியர் மரியான் நோர்த், தாம் மொடலான கதையை நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். நண்பகல் வெயிலிலே கம்பளிச் சால்வையைப் போர்த்தி, கூந்தலை விரித்துவிட்டு, முள்போன்ற தென்னோலைகள் தலையிற் குத்த, இயற்கையாகத் தோன்றுமாறு நிற்கும்படி அவர் பணிக்கப்பட்டாராம்! இயற்கையாக நில் என்று பணித்தால் எவர் இயற்கையாக நிற்பர்? இளம் படப்பிடிப்பாளர் இதனை எழுதிச் சுவரில் ஒட்டுதல் நன்று. அவ்வூர் ஆண்மகனொருவனின் முதுகின் அழகை வியந்த அம்மையார், தோட்டமே இல்லாத வீட்டிலே அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளுமாறு மகனை வற்புறுத்தினார் என்பதையும் நோர்த் குறிப்பிடுகின்றார். அவன் பெயர் அதில் இல்லை.

எம்மை நெடுநேரம் சிந்திக்கவைத்தது இப்பெயரின்மையே. தெனிசன், டார்வின், ஹேர்ஷல் எனப் பெரியோர் பெயரெல்லாம் உள. பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரும் உளது. அவர் 1936 வரை வாழ்ந்தார் என்பதும் தெரியும். இலங்கையில் நின்றோர்க்கோ "களுத்துறைக் குடியானவர் குழு" என்பதுபோன்ற தலைப்பே எஞ்சியது. அப்படம் 1878 இல் எடுக்கப்பட்டது. அதில் நிற்போரின் முகங்களை உற்றுநோக்கின், அவர்கள் யாதோ கூற எண்ணி அடக்கிக்கொண்டவர் போலத் தோன்றும். தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாய் வந்து மலையகத் தோட்டங்களில் உழைத்தோரும் அம்மையாரின் கமரா முன் நின்றனர். அம்மக்களின் வழித்தோன்றல்கள் 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின் வன்னியிற் குடியேறினர். ஜெயபுரத்திலும் அத்தகைய குடும்பங்கள் உள. அவர்களின் பாட்டனாரின் பாட்டியார் ஒருவேளை அந்நூதனப் பெட்டியின் முன் நின்றிருக்கலாம். நின்றிருப்பினும் இவர் அவரென்று காட்டுதற்கு வழியில்லை.

கலைத்திறத்தில் அம்மையார்க்கு இளையாதவர் கொழும்பைச் சேர்ந்த லயனல் வெண்ட் (1900–1944). சட்டம் பயின்றவர்; பியானோ வாசிப்பதில் வல்லவர்; படம்பிடித்தலை ஆர்வத்துக்காகவே மேற்கொண்டவர். 1943 இல் ஓவியர்கள் '43 குழு' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தபோது அதற்கு உயிராய் நின்றவரும் அவரே. உருத்துலக்கும் போது இடையில் ஒளிபடவிட்டு, உருவத்தின் விளிம்பிலே கோடிழுத்தாற் போன்ற தோற்றம் பெறும் உத்தியை அவர் திறம்படக் கையாண்டார். கரிய மேனியை வெளுப்பாக்க முயலாது, அதன்மேல் வழுக்கிச் செல்லும் ஒளியையே படத்தின் பொருளாக்கியமை அவரது தனிச்சிறப்பு. மாநிறத்தைக் கணினியால் வெண்ணிறமாக்கி மகிழும் இக்காலத்தார் அவர் படங்களை அவசியம் காணவேண்டும். 1950 இல் அவை நூலாக வெளிவந்தன. ஆயின் அவருடைய மொடல்களுள்ளும் மிகப்பலர் பெயரறியப்படாதவரே.

இனி, எம் மாணவர் செய்யக்கூடியன சில. சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாள்களிலும் ஆவணியிலும் வன்னியில் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். அவ்வேளை எடுத்த முகத்திற் கண்குழிகள் கரிக்குழிகளாகும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் எடுத்தல் வேண்டும்; அன்றேல் விறாந்தையின் ஓரத்தில், வெளியை நோக்கி இருத்துதல் வேண்டும். வெள்ளை வேட்டி சட்டை உடுத்தவரைத் தானியங்கிக் கமரா இருளாக்கும். எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதுவது அதன் இயல்பு. முகத்தைத் தொட்டு ஒளியை அளந்துகொண்டால் இக்குறை தீரும். நிழற்பக்கத்தை வெளிச்சமாக்குதற்கு, ஒருவர் வெள்ளைத் துணியொன்றை விரித்துப் பிடித்து நின்றாற் போதும். மிக அணுகி எடுப்பின் மூக்கு பெருத்துக் காது சிறுக்கும். மூன்றடி பின்வாங்கி எடுக்க.

நிற்பவரை முதலில் இருந்து பேசவிடுக. கையில் ஏதேனும் வேலை கொடுப்பின் கை தானே ஒழுங்காகும். எடுத்ததைக் காட்டுக, அழித்துவிடு என்று அவர் சொன்னால் அழித்துவிடுக. பெண்பிள்ளைகளின் படம் அவர்தம் அனுமதியின்றி ஊரார் கைகளுக்கெல்லாம் செல்லும் காலம் இது. அதனாற் கெட்ட பெயர் அவர்களுக்கன்றி எடுத்தவனுக்கு வருவதில்லை. இக்கொடுமையை எவ்வளவு அழகிய படமும் ஈடுசெய்யாது.

2008 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்த வன்னிக் குடும்பங்கள் பல, திருமணப் படம்தானும் இன்றி மீண்டன. தாயின் இளமை முகத்தைப் பிள்ளைகள் கண்டிராத வீடுகள் எம் அயலிலேயே உள. மொடல் தேடி அலையும் மாணவர் அவ்வீட்டுத் தாயாரை ஒருநாள் மாலை வெளிச்சத்திற் கதிரையிட்டு இருத்தட்டும். அவர் விரும்பிய சேலையை உடுத்துக்கொள்ளட்டும். கமரன் அம்மையார் தம் படங்களின் கீழே தம் பெயரைத் தவறாது எழுதியவர். ஐந்நூறுக்கு மேற்பட்டவற்றைத் தம் உரிமையெனப் பதிவுஞ் செய்தவர். எம் மாணவர் எடுப்பவரின் பெயருக்கு மேலே இருப்பவரின் பெயரையும், தந்தை பெயர், ஊர், நாள் என்பவற்றையும் எழுதி, தாளில் அச்சிட்ட பிரதியொன்றை அத்தாயாரின் கையிற் கொடுத்துவிட்டு வரட்டும்.