குரல் உடைந்த பிறகு

விருத்தாசலம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் குரல் கட்டைக் குரலாகிவிட்டதாம். டப்பிங்குக்குக் கூப்பிட்டவர்கள் இரண்டு வரி கேட்டுவிட்டு, வேறு பையனை வைத்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம். அக்கா போனில் சொன்னாள். எட்டு வயதில் நடிக்க வந்து, பதின்மூன்று வயதிலேயே பழைய ஆளாகிவிட்டேன் என்று நீ சொன்னதையும் சொன்னாள். போனில் பேசினால் நாலு வார்த்தையோடு நின்றுவிடும். இதே இடத்தில் உனக்கு முன்னால் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் சினிமா பேசத் தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகள் நடித்துச் சம்பாதித்திருக்கிறார்கள். பாய்ஸ் கம்பெனி என்று பெயர். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் நடத்துவார்கள். பையன்களுக்குக் கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, பாடம். வாத்தியார் சொல்லிக் கொடுப்பதை மனப்பாடம் செய்து, மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாட வேண்டும். ஆகவே குரல்தான் முதல். மகரக்கட்டு வந்து அந்தக் குரல் உடைந்துவிட்டால் நேற்றுவரை ராஜபார்ட் கட்டியவன் இன்று சில்லறை வேஷத்துக்கு இறங்குவான், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பப்படுவான். எம்.ஜி.ஆரும் பி.யு. சின்னப்பாவும் சிறு வயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இருந்தவர்கள். பெயர் தெரியாமல் போன பையன்கள் அவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அவர்களை நினைக்காமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது.

அந்தப் பையன்களில் ஒருவர் டி.கே. சண்முகம். 1918-ல், ஆறு வயதில், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் அண்ணன்மாரோடு சேர்ந்தார். அவர் நடிப்பதற்காகவே சுவாமிகள் அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்ததாக நாடக உலகில் இன்றும் பேசுவார்கள். சுவாமிகள் 1922-ல் காலமானார். மூன்றே ஆண்டில், 1925-ல், அண்ணன் தம்பிகள் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார்கள். அப்போது சண்முகத்துக்கு உன் வயதுதான். 1935-ல் அவர்களுடைய 'மேனகா' நாடகம் சினிமாவானது. 1940-களில், முப்பது வயதை ஒட்டிய ஆண்பிள்ளையான அவர் மேடையில் கிழவியாக, ஔவையாராக வந்தார். அந்த வேடமே அவர் பெயராகி 'ஔவை சண்முகம்' ஆனார். சென்னையில் நீ பஸ்ஸில் கடந்து போகும் ராயப்பேட்டை லாயிட்ஸ் ரோடு இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

இந்தச் சண்முகத்திடம் பிற்காலத்தில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஏற்கெனவே ஊரறிந்த நட்சத்திரம். படங்கள் நின்று போயிருந்தன.

கமல்ஹாசன் பிறந்தது 1954-ல், பரமக்குடியில். அப்பா வக்கீல். ஏவி.எம். எடுத்து, பீம்சிங் இயக்கிய 'களத்தூர் கண்ணம்மா' 1960 ஆகஸ்டில் வெளியானபோது அவருக்கு ஆறு வயது நிறையவில்லை. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்த படத்தில் அநாதைப் பையன் செல்வமாக வந்து, எம்.எஸ். ராஜேஸ்வரியின் பின்னணிக் குரலுக்கு வாயசைத்து, குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கினார். பிறகு 'பார்த்தால் பசி தீரும்', 'பாத காணிக்கை', மலையாளத்தில் 'கண்ணும் கரளும்', 'வானம்பாடி', எம்.ஜி.ஆரோடு 'ஆனந்த ஜோதி' என்று வரிசையாக வந்தன. 1963-க்குப் பிறகு அந்த வரிசை அறுந்தது. குழந்தை என்று கொஞ்சவும் முடியாது, கதாநாயகன் என்று நிறுத்தவும் முடியாது. நீ இப்போது நிற்கிற அதே நிலை.

மறுபடி பேர் சொல்லும்படியான வேடம் கே. பாலசந்தரின் 'அரங்கேற்ற'த்தில் 1973-ல் கிடைத்தது. நடுவில் பத்து வருஷம். எல்லோரும் முதல் படத்தையும் பின்னால் வந்த தேசிய விருதுகளையும் பேசுகிறார்கள். நீ பார்க்க வேண்டியது இந்தப் பத்து வருஷத்தை.

சண்முகம் சகோதரர்களின் டி.கே.எஸ். நாடக சபாவில் கமல் சேர்ந்தார். அங்கே வசனமும் மேடையும் மட்டும் கிடைக்கவில்லை, ஒப்பனை மீதான ஆசையும் அங்கேதான் பற்றிக்கொண்டது. பரதம் கற்றார். சினிமாவுக்குத் திரும்பியபோது நடிகராகத் திரும்பவில்லை, தங்கப்பன் மாஸ்டரின் நடன உதவியாளராகத் திரும்பினார். 1970-ல் வந்த 'மாணவன்' படத்தில் ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போனார். கூட ஆடியவர் குட்டி பத்மினி, 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் நாடே பார்த்த குழந்தை. வளர்ந்துவிட்ட இரண்டு குழந்தை நட்சத்திரங்கள், ஒரே ஒரு பாட்டில். எனக்கு அந்தப் பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும், கூடவே பெருமையாகவும் இருக்கும். 1971-ல் தங்கப்பன் இயக்கிய 'அன்னை வேளாங்கண்ணி'யில் உதவி இயக்குநராகவும் வேலை செய்தார். வயது பதினாறு, பதினேழு.

இங்கே தொழிற்பேட்டையில் நாங்கள் பீங்கான் பொம்மையை இரண்டு முறை சுடுவோம். முதல் சூளையிலிருந்து வருவது வெளுத்து, மங்கலாக, யாரும் வாங்காத பண்டமாக இருக்கும். ஆனால் அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். பூச்சுக் கரைசலில் முக்கினால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பூச்சை உடம்போடு பிடித்துக்கொள்ளும். முதல் சூட்டிலேயே இறுகிக் கெட்டியாகிவிட்ட துண்டில் பூச்சு சரியாக நிற்காது. கமலுக்கு அந்தப் பத்து வருஷம் அப்படி உறிஞ்சுகிற காலமாக இருந்தது.

அதன் பலன் வேகமாக வந்தது. பையனாக இருந்தபோது 'கண்ணும் கரளும்' படத்தில் அவரை இயக்கிய கே.எஸ். சேதுமாதவனே 1974-ல் 'கன்னியாகுமரி'யில் கதாநாயகனாக்கினார். 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்துக்காக மிருதங்கம் கற்றுக்கொண்டார். 'மூன்றாம் பிறை', 'நாயகன்', 'இந்தியன்' மூன்றுக்கும் தேசிய விருது. 1996-ல் பெண் வேடம் கட்டிய படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பேர் வைத்தார். ஆறு வயதில் நடிக்க வந்த ஆசானுக்கு, ஏறக்குறைய அதே வயதில் நடிக்க வந்த மாணவன் செய்த மரியாதை அது. அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களில் பல பேருக்கு இது தெரியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவரால் பத்து வருஷம் பொறுத்திருக்க முடிந்தது, வீட்டில் வக்கீல் அப்பாவின் வருமானம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். பாய்ஸ் கம்பெனிப் பையனுக்கு அந்த வசதி இல்லை. கமல் பள்ளிப் படிப்பையும் முடிக்கவில்லை. அதை நீ பின்பற்ற வேண்டாம். அவருக்கு அது ஈடுகட்டப்பட்டது, எல்லோருக்கும் ஈடுகட்டப்படாது.

இடைவெளியே இல்லாமல் நடித்தவரையும் பார். ஸ்ரீதேவி 1969-ல் 'துணைவன்' படத்தில் முருகனாக வந்தார். மலையாள 'பூம்பாட்டா'வுக்குக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருது கிடைத்தது. 1976-ல் 'மூன்று முடிச்சு' வந்தது. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. அந்தப் படத்தில் அவர் ரஜினிகாந்தின் பாத்திரத்துக்குச் சிற்றன்னை ஆகிறார். உன் வகுப்பில் படிக்கிற ஒரு பெண்ணை அந்த இடத்தில் வைத்து யோசி. அவருடைய திறமைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் பதின்மூன்று வயதுக் குழந்தைக்குப் புடவை கட்டி, பெரியவளாக நிறுத்தியதை வெற்றிக் கதை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. குரல் உடைந்து வேலை நின்றது உனக்குத் தண்டனையாகத் தெரிகிறது. வளர்கிற வயதில் வேலை நிற்காமல் போவதிலும் இழப்பு உண்டு.

திரும்பி வந்து, பிறகு தானே விலகியவர்களும் உண்டு. பேபி ஷாலினி வளர்ந்து 1997-ல் 'காதலுக்கு மரியாதை', 2000-ல் 'அலைபாயுதே' என்று உச்சத்துக்குப் போய், திருமணத்தோடு நிறுத்திக்கொண்டார். 'அஞ்சலி'க்காகத் தேசிய விருது வாங்கிய தங்கை ஷாமிலி ஓவியத்தின் பக்கம் போனார். அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது.

இனி பணம். இதை அக்காவும் உன் அப்பாவும் சேர்ந்து படிக்கட்டும். அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்ற பையன் 1921-ல் சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்துப் பெரும் பணம் சம்பாதித்தான். வளர்ந்து கேட்டபோது அதில் பெரும்பகுதி செலவாகியிருந்தது. 1938-ல் தன் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் அவன் வழக்குப் போட வேண்டி வந்தது. அதன் விளைவாக 1939-ல் கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகரின் வருமானத்தைக் காக்கச் சட்டம் வந்தது. நம் நாட்டிலும் இன்று விதி இருக்கிறது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த விதிகளின்படி, 14 வயது நிறையாத குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட நடுவரின் அனுமதி வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும். இதுவரை நீ நடித்ததற்கு அப்படி ஒரு வைப்பு இருக்கிறதா என்று கேள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அது உன் உழைப்பு.

அடுத்த விடுமுறைக்கு இங்கே வந்துவிடு. நம் தென்னாற்காட்டுச் சீமை கூத்துக்குப் பேர் போனது. விடிய விடிய மைக்கை நம்பாமல் பாடுகிற, கட்டைக் குரல் கொண்ட பெரிய ஆட்களை உனக்குக் காட்டுகிறேன். அந்தக் குரலை எப்படி வளர்த்தார்கள் என்று நீயே அவர்களைக் கேட்கலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பின்னால் அங்கே படிக்கலாமா என்று அப்போது யோசிப்போம். குரல் நிலைப்படும்வரை கத்திப் பேசிப் பழகாதே, தொண்டை கெடும். மிருதங்கமோ, கேமராவோ, எடிட்டிங்கோ, ஒப்பனையோ, எதைக் கற்க ஆசை என்று எழுது. உன் அப்பாவிடம் சொல்லி அதற்கு ஏற்பாடு செய்வது என் பொறுப்பு.

அன்புடன்,
உன் தாய்மாமன்