சொந்தக் கோபமும் சொந்த நன்றியும்

மாத்தளை

அன்புள்ள மருமகனுக்கு,

இளைஞர் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்கப் போவதாகவும், ரோமாபுரித் தலைவர்களின் வரலாறுகளைப் படித்து வருவதாகவும் எழுதியிருந்தாய். அவர்களில் சுல்லாவின் துணிவு உன்னைக் கவர்ந்திருக்கிறது. படி, நல்லதுதான். ஆனால் அவன் வாழ்ந்த அதே காலத்தில், நம் மாத்தளை மாவட்டத்தோடு பெயர் பிணைந்த ஒரு மன்னனும் நாட்டை இழந்து, போரிட்டு மீட்டான். அவன்தான் வட்டகாமினி அபயன் என்ற வலகம்பா. இருவரையும் சேர்த்துப் படித்தால் ஒரு தலைவன் எங்கே சறுக்குகிறான் என்பது விளங்கும். தன் சொந்தக் கோபத்தையும் சொந்த நன்றியையும் பொதுக் காரியத்துக்குள் நுழைய விட்டவன் போரில் வென்றாலும், அவன் நடத்திய காரியம் சிதைந்துதான் போகும். நான் சொல்ல வந்தது இதுதான்.

கி.மு. 103இல் வலகம்பா அரியணை ஏறினான். ஐந்தாம் மாதத்திலேயே தெற்கே உருகுணையில் தீசன் என்ற பிராமணன் கலகம் செய்தான். அதே வேளையில் ஏழு தமிழ்ப் படைத்தலைவர்கள் மாதோட்டத்தில் வந்து இறங்கினார்கள். போரில் தோற்ற மன்னன் தப்பியோடி, ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் மலையிலும் காட்டிலும் மறைந்து வாழ்ந்தான். தம்புள்ளைக் குகைகளில் அவன் தங்கியிருந்தான் என்பதும், பின்னர் அவற்றை விகாரையாக்கினான் என்பதும் மரபு. அந்தப் பதினான்கு ஆண்டுகளில், வந்திறங்கிய எழுவரில் அனுராதபுரத்தை ஆண்ட ஐவரின் கதையும் படிக்க வேண்டியதே. புலகத்தனைப் பாகியன் கொன்றான். பாகியனைப் பணயமாறன் கொன்றான். அவனைப் பிளயமாறனும், பிளயமாறனைத் தாதிகனும் கொன்றார்கள். கொன்ற ஒவ்வொருவனும் முந்தியவனுக்குச் சேனாதிபதியாக இருந்தவன். கி.மு. 89இல் தாதிகனை வென்று வலகம்பா மீண்டும் முடிசூடினான்.

ஆனால் அந்த வெற்றி கைநழுவிப் போக இருந்தது. மலைநாட்டில் தனக்கு அடைக்கலம் தந்த தனசிவன் என்பவனை, இருவரின் மனைவியருக்கிடையே எழுந்த சச்சரவுக்காக மன்னன் அம்பெய்து கொன்றான் என்கிறது பழைய வரலாற்று நூலான மகாவம்சம். பிறகு, தன்னை விழுந்து வணங்கவில்லை என்பதற்காகக் கபிசீசன் என்ற துணைவனையும் கொன்றான். நாடில்லாமல் காட்டில் இருந்தவனுக்கு வணக்கத்தின் மேல் அவ்வளவு பற்று! அவனோடு நின்ற மற்ற வீரர்கள் வெறுத்து விலகிப் போனார்கள். ஒரு பிக்கு அவர்களிடம் பேசி, தமிழராலா இந்த மன்னனாலா சமயம் தழைக்கும் என்று கேட்டு, மனம் மாற்றி மீண்டும் கொண்டுவந்து சேர்த்தார். அவர் குறுக்கிடாவிட்டால் கி.மு. 89இன் வெற்றியே இல்லை. மன்னனின் கோபம் உடைத்ததை, அதில் பங்கில்லாத ஒருவரின் பொறுமை ஒட்டவைத்தது.

கோபம் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நன்றியும் கெடுக்கும் என்பதுதான் நீ கவனிக்க வேண்டியது. தப்பியோடும்போது தன்னைப் பார்த்து இகழ்ந்து கூவிய கிரி என்ற சமணத் துறவியின் மடத்தை, வென்று வந்ததும் மன்னன் இடித்தான். அந்த இடத்தில் அபயகிரி விகாரையைக் கட்டி, காட்டில் தனக்கு உணவளித்த மகாதீசர் என்ற பிக்குவுக்கு உரிமையாகக் கொடுத்தான். ஒரே கட்டடத்தில் ஒரு பழியும் ஒரு நன்றியும் தீர்ந்தன. விளைவு என்ன? அனுராதபுரத்தின் பழைய பிக்கு மடமான மகாவிகாரை மகாதீசரைக் குற்றம் சாட்டி விலக்கியது; அவர் சீடர் தம்மவரோடு பிரிந்து அபயகிரிக்குப் போனார்; பிக்குகளின் சங்கம் இரண்டுபட்டது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு ஒன்றிணைக்கும்வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பிளவு நீடித்தது. உதவியவருக்குக் கைம்மாறு செய்ததில் தவறில்லை. சங்கம் முழுவதையும் தொடும் காரியத்தைத் தனிக் கடனாக எண்ணி அடைத்ததுதான் தவறு.

இனி சுல்லாவைப் பார். கி.மு. 88இல் சொந்த நகரத்தின் மீதே படை நடத்தினான், கி.மு. 82இல் எதிரிகளை ஒழித்துச் சர்வாதிகாரியானான். கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களைப் பொது இடத்தில் எழுதி ஒட்டினான்: முதலில் 80 பேர், அடுத்து 220, பின்னும் 220 என்று புளூட்டார்க் எழுதுகிறார். இறந்தவர்களின் சொத்து நண்பர்களுக்குப் போனது. பறித்த நிலம் அவனுடைய பழைய வீரர்களுக்குப் போனது. அஞ்ச வைத்ததால்தானே அவன் தோற்கவில்லை, படுக்கையில்தானே இறந்தான் என்று நீ கேட்கலாம். உண்மைதான். ஆனால் கி.மு. 78இல் அவன் இறந்தான். தளபதியாக அவனுக்குத் துணைநின்ற பொம்பேயும் கிராசசுமே கி.மு. 70இல் அவன் பறித்த, திரிபியூன்கள் என்ற மக்கள் பிரதிநிதிகளின் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நிலம் பெற்ற வீரர்களில் பலர் கடனில் மூழ்கி, கி.மு. 63இல் கத்திலினாவின் கலகத்தில் சேர்ந்தார்கள். அச்சமும் வெகுமதியும் அவன் உயிரைக் காத்தன. அவன் செய்த ஏற்பாட்டைக் காக்கவில்லை.

மகாவம்சம் பல நூற்றாண்டுகள் கழித்து மகாவிகாரைப் பிக்குகள் எழுதியது, அபயகிரியைப் பற்றி எப்படி நம்பகமாகச் சொல்லும் என்று நீ கேட்டால், அந்த ஐயம் நியாயமானதே. அபயகிரியின் தரப்பு நமக்கு அந்நூலில் கிடைக்காது. ஆனால் அதே நூல், தன் சமயத்தைக் காத்த மன்னனின் இரண்டு கொலைகளையும் மறைக்காமல் சொல்கிறது. தனக்குச் சாதகமில்லாததைச் சொல்லும் இடத்தில் அதை நம்பலாம். இது சிங்களவர் தமிழரை வென்ற கதை, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்றும் சிலர் சொல்வார்கள். முதல் கலகம் நாட்டுக்குள்ளேயே, உருகுணையில் எழுந்தது. ஐந்து தமிழ் மன்னர்களில் நால்வரைக் கொன்றவர்கள் தமிழ்ச் சேனாதிபதிகளே. இனத்தை வைத்துப் படித்தால் இந்த வரலாறு பெருமிதமோ வன்மமோ மட்டும்தான் தரும். தலைமையை வைத்துப் படித்தால் இரு தரப்புக்கும் பாடம் தரும்.

வலகம்பாவின் காலத்திலேயே, மாத்தளை நகருக்கு வடக்கே சுமார் மூன்று கிலோமீற்றரில் உள்ள அலுவிகாரையில் நடந்ததையும் மறக்காதே. போராலும் பஞ்சத்தாலும் மனனம் செய்தவர்கள் மடிய, வாய்வழி வந்த பௌத்த மறைநூலான திரிபிடகம் அழிந்துவிடும் என்று அஞ்சிய பிக்குகள் அதை ஓலையில் எழுதினார்கள். தலைநகரிலிருந்து விலகி, அந்தப் பகுதித் தலைவர் ஒருவரின் துணையோடு அங்கே கூடி எழுதினார்கள் என்பது மரபு. எந்த ஒருவரின் நினைவையும் தயவையும் நம்பியிராதபடி ஒன்றை ஆக்கியதால் அது இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்து நிற்கிறது.

ஆகவே, மருமகனே, கழகத்தின் முடிவுகளையும் கணக்கையும் எழுத்தில் வை. யார் கேட்டாலும் காட்டு. கூட்டத்தில் உன்னை எதிர்த்துப் பேசியவனை அடுத்த கூட்டத்துக்கும் அழை. தேர்தலில் உனக்கு உழைத்தவனுக்குக் கைம்மாறு செய்ய விரும்பினால் உன் கையிலிருந்து செய். கழகத்தின் பொறுப்பைக் கொடுத்துச் செய்யாதே. உனக்கும் ஒருவனுக்கும் முறிந்துவிட்டால், இருவருக்கும் வேண்டிய ஒரு பெரியவரிடம் போ, போவதற்கு வெட்கப்படாதே. நீ நன்றாக வருவாய் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
உன் மாமா